ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வீட்டோடு போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறான். அக்டோபரில் நாங்கள் அங்கே போகும்போது ஆர்.வி. (சமையலறை, கழிவறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற பழைய ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்கிறான். எனக்கு முட்டி வலி. அவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு சின்ன ஊருக்குள் எப்படிம்மா சுற்றுவது? (கோவை வாசகி)

பதில்: வண்டியில் சுற்றவே வேண்டாம். அதை ஊருக்குள் இறக்காதீர்கள். 300 பேர்கூட இல்லாத ஊர், மலைச்சரிவில் தொங்குகிற மாதிரி தெருக்கள், கீழூரில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. மேலே தேசியப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் பெரிய வண்டிகளுக்கென்று இடம் உண்டு, அங்கே போட்டுவிட்டால் பூங்காவின் பஸ் பத்து நிமிடத்தில் கீழூரில் இறக்கிவிடும். பஸ்ஸுக்குத் தனிக் காசு கிடையாது, நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். அக்டோபர் என்றால் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வார இறுதியில் கூட்டம் அம்மும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

முட்டி வலிக்குப் பயப்பட வேண்டாம், கீழூர் பெரும்பாலும் சமதரைதான். நேராக ஆற்று முனைக்கு நடந்து போனால் பொடோமாக்கும் ஷெனான்டோவாவும் சேருகிற இடம் வரும். நம் பவானிக் கூடுதுறை மாதிரி என்று வையுங்கள், குளிக்கும் கூட்டம்தான் இருக்காது. நிற்பது மேற்கு வர்ஜீனியாவில், ஒரு கரையில் மேரிலாந்து, மறு கரையில் வர்ஜீனியா, மூன்று மாநிலமும் ஒரே பார்வையில். ரயில் பாலத்தை ஒட்டியே நடைபாதை இருக்கிறது, சரக்கு ரயில் வரும்போது பாலம் லேசாக அதிரும், பேரக்குழந்தைகள் இருந்தால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். அந்த நடைபாதை வழியாகத்தான் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையும் ஆற்றைக் கடக்கிறது. முதுகில் மூட்டையும் கன்னத்தில் தாடியுமாக யாராவது எதிரே வந்தால் அனேகமாக அந்தப் பாதையில் நடப்பவர்தான்.

ஜெஃபர்சன் பாறைக்கு மட்டும் மகனை அனுப்பிவிட்டு நீங்கள் கீழே உட்காருங்கள். கல்லில் வெட்டிய படிகள், ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்கு மோசம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1783-இல் அங்கே நின்று, இந்தக் காட்சிக்காக அட்லாண்டிக்கைக் கடந்து வரலாம் என்று எழுதினார். கொஞ்சம் அதிகம்தான் (ஆனால் நீங்களும் அட்லாண்டிக்கைக் கடந்துதானே வருகிறீர்கள்). மகன் இறங்கி வரும்வரை ஷெனான்டோவா தெருவில் ஒரு கட்டிடச் சுவரில் வெள்ள அளவுக் குறிகளைப் பாருங்கள். 1936-இல் தண்ணீர் 36 அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம், நான் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன், படத்தில் குறியும் வரவில்லை, நானும் பாதிதான் வந்தேன்.

கேள்வி: ஆர்.வி.யை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா? வழியில் என்ன கவனிக்க வேண்டும்? (மேலே கேட்டவரின் மகன், எடிசனிலிருந்து)

பதில்: அம்மா முந்திக்கொண்டார்களே தம்பி! வாடகை வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும். கவனிக்க வேண்டியது உயரத்தை. சமையல் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் கேஸ் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். வாஷிங்டனையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று 95-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வரும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் புரொப்பேன் கேஸ் உள்ள வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. முன்பெல்லாம் கீ பாலத்தில் சுற்றிப் போவார்கள், 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்துவிட்டது, இப்போது 695-இல் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்றால் 78-இல் மேற்கே போய், ஹாரிஸ்பர்க்கிலிருந்து 15-ஐப் பிடித்து, கெட்டிஸ்பர்க் தாண்டி ஃபிரெடரிக், அங்கிருந்து 340. கார் ஜி.பி.எஸ்ஸுக்கு உங்கள் வண்டி 12 அடி உயரம் என்பது தெரியாது, கேஸ் இருப்பதும் தெரியாது.

பூங்காவுக்குள் இரவு தங்க முடியாது. பக்கத்திலேயே தனியார் முகாம் இருக்கிறது, மின்சாரம், தண்ணீர் இணைப்போடு. முன்பதிவு செய்யாமல் அக்டோபரில் போகாதீர்கள்.

கேள்வி: அந்த வண்டிக் கழிவறையை யார் சுத்தம் செய்வார்கள்? (ஸ்ரீரங்கம் வாசகர்)

பதில்: நீங்கள்தான் சார். முகாமில் அதற்கென்று ஒரு குழி இருக்கும். குழாயை மாட்டி முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி, அந்தத் தண்ணீர் குழாயை அலசிவிடும். கையுறை கட்டாயம். எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள் வைத்திருந்த குழாயில் ஒரு பொத்தல், அதைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரரின் வலது செருப்பு. மேற்கொண்டு கேட்காதீர்கள்.

கேள்வி: ஜான் பிரவுன் கோட்டை என்கிறார்களே, பெரிய கோட்டையா? (மதுரை வாசகி)

பதில்: செஞ்சியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். தீயணைப்பு வண்டி நிறுத்தும் சின்னச் செங்கல் கொட்டகை. 1859 அக்டோபர் 16 இரவு, அடிமைகளை விடுவிக்க ஆயுதம் வேண்டும் என்று ஜான் பிரவுன் தன் ஆட்களோடு இங்கிருந்த அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். அந்தச் சண்டையில் முதலில் செத்தது ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த, அடிமையல்லாத கறுப்பினத்தவர். யாரை விடுவிக்க வந்தார்களோ அந்த இனத்து மனிதரே. 18-ஆம் தேதி காலை ராணுவ அதிகாரி ராபர்ட் லீயின் தலைமையில் மரைன் படை வீரர்கள் சம்மட்டியால் அடித்தும் கதவு அசையவில்லை, பிறகு ஓர் ஏணியைத் தூக்கி இடித்துத்தான் உடைத்தார்கள். டிசம்பர் 2-இல் பக்கத்து சார்ல்ஸ் டவுனில் பிரவுனைத் தூக்கிலிட்டார்கள். (ஜி.பி.எஸ்ஸில் சார்ல்ஸ்டன் என்று போட்டுவிடாதீர்கள், அது மாநிலத் தலைநகர், வெகு தூரம்.)

கட்டிடத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1890-களின் தொடக்கத்தில் பிரித்து, செங்கல் செங்கலாகச் சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், பத்து நாளில் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர்! திரும்பக் கொண்டுவந்து மர்ஃபி பண்ணையில் கட்டினார்கள், பிறகு, விடுதலையான அடிமைகளுக்காகத் தொடங்கிய ஸ்டோரர் கல்லூரிக்கு 1909-இல், கடைசியாக 1968-இல் இப்போதைய இடத்துக்கு. நாம் ஓட்டிப்போகிற ஆர்.வி.யைவிட அது அதிகம் வீடு மாறியிருக்கிறது. பழைய இடத்தின்மேல் ரயில் மேடு போட்டுவிட்டதால் அசல் இடத்திலிருந்து சுமார் 150 அடி தள்ளித்தான் நிற்கிறது.

எனக்குப் பிடித்த இடம் கீழே இல்லை, மேலேதான். கோட்டை மர்ஃபி பண்ணையில் இருந்தபோது, 1906 ஆகஸ்டில் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸும், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்ட நயாகரா இயக்கத்தாரும் ஸ்டோரர் கல்லூரியில் கூடினார்கள். ஒருநாள் விடிகாலையில் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியவர்கள், நம்மூரில் கோயில் வாசலில் செய்வதுபோல, காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனார்கள். இப்போது அந்தப் பண்ணையில் கோட்டைச் சுவர் இல்லை, அடித்தளம் மட்டும் புல்லுக்குள். வரவேற்பு மையத்திலிருந்தே பாதை போகிறது, வண்டி நிற்கிற பக்கம்தான். மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.