பழைய என்-லைனா, புது என்-லைனா? ஒரு அண்ணன் தம்பி வழக்கு

கேள்வி: எங்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை. அண்ணனும் நானும் பணம் போட்டு ஒரே கார் வாங்கப்போகிறோம். 2024இல் தீவுத்திடல் பக்கம் நடந்த ஃபார்முலா 4 ரேஸைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். 2021 மாடல் ஹூண்டாய் ஐ20 என்-லைன் (சாதாரண ஐ20யின் ஸ்போர்ட்டி வடிவம்) ஒன்று தெரிந்தவர் மூலம் வந்திருக்கிறது. என்8 வேரியன்ட், கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர், 38,000 கி.மீ., ஒரே ஓனர், டிஎன்-03 நம்பர். 8.25 லட்சம் கேட்கிறார். புது வண்டிக்கு ஷோரூமில் என்6 மேனுவல் 9.15 லட்சம், என்8 மேனுவல் 10.35 லட்சம் என்று எக்ஸ்-ஷோரூம் விலை எழுதித் தந்தார்கள். அண்ணன் தினமும் மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போகிறவர். கிளட்ச் மிதிக்க வேண்டாத பழசுதான் வேண்டும் என்கிறார். எனக்கு மூன்று பெடல் உள்ள புதுசு. நடுவில் நண்பர்கள் வேறு, "முதல்ல வந்ததுதான்டா ஒரிஜினல்" என்று ஏற்றிவிடுகிறார்கள். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் சார்.

பதில்: முதலில் அந்த நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஹூண்டாய் இந்தியாவில் விட்ட முதல் என்-லைன் 2021 செப்டம்பரில் வந்த இந்த ஐ20தான். அந்தப் பெருமை அதோடு சரி. 2023 செப்டம்பரில் முகம் மாற்றி வந்த வண்டியிலும் இருப்பது அதே 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின்தான். அதே 120 பிஎஸ் பவர், அதே 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பானட்டுக்குள் பார்த்தால் அண்ணனும் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். சாதாரண ஐ20யைவிடக் கனமான ஸ்டீயரிங், இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் இரட்டைப் புகைக்குழாய் என எல்லாமே இரண்டுக்கும் பொது.

இது ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டால், முழுசாக இல்லை. வெளிநாட்டில் 'ஐ20 என்' என்று ஒன்று விற்றார்கள், 1.6 லிட்டர், 204 பிஎஸ். அது இங்கே வரவே இல்லை. நமக்கு வந்தது 'லைன்' சேர்த்தது. தமிழில் எழுதும்போது 'என் லைன்' என்று ஏதோ சொந்தம் கொண்டாடுவதுபோல இருக்கிறது, அந்தச் சந்தோஷம் நமக்கு மட்டும்தான். சின்ன வயதில் மாமா ஸ்கூட்டரில் என்னைச் சோழவரம் பழைய விமான ஓடுதளத்து ரேஸுக்குக் கூட்டிப்போவார். விளக்கெண்ணெய் எரிந்த புகைவாடை சட்டையில் இரண்டு நாள் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இன்று பத்து லட்சத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து போகும் ஒரு வண்டி இந்த அளவுக்கு ஓடுவதே பெரிய விஷயம்.

உங்கள் வழக்கு மொத்தமும் இடது காலில் இருக்கிறது. ஐஎம்டியில் கிளட்ச் பெடல் கிடையாது, ஆனால் கியரை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கியர் குச்சியில் கை அழுத்தியதும் அதிலுள்ள சென்சார் தகவல் அனுப்பும். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் கிளட்ச்சைப் பிரித்துச் சேர்க்கும். தப்பான கியரில் கிளப்பினாலும் வண்டி திணறி நின்றுவிடாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னால் நாற்பதடி டிரெய்லர், பின்னால் நாற்பதடி டிரெய்லர், நடுவில் நீங்கள். அரை அடி நகர்வதும் நிற்பதுமாக ஒரு மணி நேரம். அந்த வரிசையில் உங்கள் அண்ணன் படுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் அவரைக் கிண்டல் செய்யுங்கள்.

ஆனால் அதே வரிசைதான் ஐஎம்டியின் எதிரியும். பெடல் இருந்தால் கிளட்ச் சூடாவதும் வழுக்குவதும் பாதத்துக்கு முன்கூட்டியே தெரியும். ஐஎம்டியில் மெஷின்தான் வழுக்க வைக்கிறது. உங்களுக்குத் தெரிவது ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டர் திரையில் எச்சரிக்கை வந்த பிறகுதான். கிளட்ச் தேய்ந்த மேனுவல் வண்டியை நம் தெரு மெக்கானிக்கே இறக்கி ஏற்றிவிடுவார். ஆக்சுவேட்டர், சென்சார் என்று போனால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் பார்க்க வேண்டும். 2021 வண்டிக்கு மூன்று வருட வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும். முதல் ஓனர் நீட்டிப்பு வாரண்டி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அந்தக் காகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

புது வண்டியில் ஹூண்டாயே ஐஎம்டியை எடுத்துவிட்டு ஆறு கியர் மேனுவலைக் கொண்டுவந்துவிட்டது. 'ஆர்வலர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஓட்டிப் பார்த்தால் நியாயம் புரியும். மூன்றாவது கியருக்கு இறங்கி, பெடலை விட்டதும் டர்போ இழுக்கும் அந்த நொடியை நம் கால்தான் தீர்மானிக்கிறது. ஐஎம்டியில் அந்த நொடி எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

இனி காசு. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்து 29. அதாவது 129 ரூபாய்க்கு விற்ற வண்டி 118 ரூபாய்க்கு வந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் அதே அளவுக்கு இறங்க வேண்டும் அல்லவா? ஆனால் பழசை விற்கிறவர்களில் பலர் இன்னும் பழைய கணக்கையே மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உங்களிடம் கேட்கும் 8.25 லட்சத்தை 129ஆல் வகுத்து 118ஆல் பெருக்குங்கள்: சுமார் 7.55 லட்சம். பேரம் அங்கிருந்து கீழே போக வேண்டும், அங்கேயே நிற்கக் கூடாது.

அடுத்தது சாலை வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை மாற்றினார்கள்: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. உங்கள் கொட்டேஷனில் என்6-க்கு வரி 1,18,950 ரூபாய் வரும். என்8-க்கு 1,86,300. எக்ஸ்-ஷோரூமில் 1.20 லட்சம் வித்தியாசம் போலத் தெரிவது வரியோடு 1.87 லட்சமாகிவிடுகிறது. 10.25 அங்குலத் திரைக்கும் போஸ் ஸ்பீக்கருக்கும் அவ்வளவு கொடுக்க வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை. என்6 போதும்.

இன்னொரு விஷயம், பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்குத் தயாராக வந்தவை. 2021 வண்டி 10 சதவீதத்தை மனதில் வைத்துச் செய்தது. நாளைக்கே இன்ஜின் போய்விடாது, பயப்படாதீர்கள். ஆனால் மைலேஜில் ஒரு குறை வரும். ரப்பர் குழாய், சீல் பக்கம் சர்வீஸில் ஒரு கண் வைக்கச் சொல்ல வேண்டும். இதையும் பேரத்தில் போடுங்கள்.

பழசைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து வண்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை எங்கே நின்று பார்த்தது என்பது முக்கியம். எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அரை அடியைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. அதில் சேற்றுக் கோடோ கறுப்புப் பிசுக்கோ இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் ரெயிலின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் மண், இவையும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3221 என்றால் 2021ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. நான்கில் ஒன்று மட்டும் வேறு தேதி என்றால் ஏன் என்று கேளுங்கள். 195/55 ஆர்16 அளவு, பக்கச்சுவர் உயரம் குறைவு. எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் பலமாக விழுந்தால் குமிழ் விட்டுவிடும்.

ஏர்பேக்கும் பாருங்கள். புதுசில் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு. பழசில் முன்சீட்டு ஓரத்திலும் கூரைத் தூணிலும் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்; விற்கிறவர் வாய்ச்சொல் வேண்டாம்.

தீர்ப்பா? என் ஓட்டு தம்பிக்குத்தான்: புது என்6 மேனுவல். ஆனால் ஒரு நிபந்தனை. ஷோரூம்காரர் காட்டும் காலி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மணலி ரோட்டில், அண்ணனை ஓட்டச் சொல்லிப் போங்கள். திரும்பி வந்து அவர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறவர் அவர்தான், வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். அப்போது பழசையே எடுங்கள், 7.50க்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

கேள்வி: திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. புதுக் கார் எடுத்து ஒன்றரை வருடத்தில் கதவுக்கு அடியில் துரு. வாரம் தவறாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். கம்பெனியில் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? வீட்டு போர் தண்ணீர் என்றால் நீங்களே வாரம் தவறாமல் உப்புப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊருக்கே தெரியும். கழுவிக் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது பாருங்கள், அதேதான் கதவுக்கு அடியிலும் உட்காருகிறது. வாராவாரம் உப்புத் தண்ணீரில் கழுவுவதைவிட, மாதம் ஒருமுறை மெட்ரோ வாட்டரில் அடிப்பகுதியைக் கழுவுவது மேல். கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். காசிமேட்டு வழியே போகிறவர் என்றால் மீன் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராக உங்கள் முன் சக்கரத்து வளைவுக்குத்தான் வருகிறது. வாரண்டிப் புத்தகத்தில் துருவுக்கு என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். வெளியிலிருந்து படிந்த துருவும் உள்ளிருந்து தகடு அரித்து ஓட்டை விழுவதும் வேறு வேறு என்று அதில் எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் ஒருவரிடம் பழைய கார் வாங்குகிறேன். "அஞ்சு வருஷமா கிளெய்மே இல்ல, 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு, அது உங்களுக்குத்தான்" என்று 15,000 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நோ கிளெய்ம் போனஸ் ஆளோடு போகும், வண்டியோடு வராது. அவர் அடுத்து வாங்கும் வண்டிக்கு அதை எடுத்துக்கொண்டு போவார். உங்களுக்கு பாலிசி மாறும்போது அந்தத் தள்ளுபடிப் பணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதனால் 15,000 கூட்டக் கூடாது, குறைக்கத்தான் வேண்டும். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். ஆர்சியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சியில் உள்ள லோன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் பேங்க் என்ஓசியும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் தராதீர்கள்.

கேள்வி: வியாசர்பாடி. என் டர்போ காருக்கு சைலன்சர் மாற்றி, ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி) 20 குதிரைசக்தி கூட்டித் தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. ஆர்சியில் இருப்பதிலிருந்து மாற்றி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். அந்தக் காசில் நல்ல டயர் நாலு போடு. மிச்சம் இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பயிற்சி நாள் எப்போது என்று விசாரித்துப் போய் ஓட்டிவிட்டு வா.