இருபதுக்கும் மேல் குதிரைகள் ஓடும் ஹர்டில் ஹேண்டிகேப்பில் எதன் மேல் பணம் கட்டுவது?

செல்ட்டன்ஹாம் குதிரைப் பந்தய விழாவின் கவுன்ட்டி ஹர்டில் (தடை தாண்டி ஓடும் பந்தயம்) பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, எந்தக் குதிரைக்கு வாய்ப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துக்குப் புதிது, மார்ச் மாதம் ஆபீஸில் எல்லோரும் கட்டுகிறார்கள், நீங்களும் பத்து பவுண்டு போட்டாக வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் லண்டனில் ஒரு பெட்டிங் கடையில் சில வருடம் கவுன்ட்டரில் நின்றவன். 'சூதாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறான்' என்று எழுதக் கிளம்புகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சொந்தக் காசை நான் கட்டியதே இல்லை. பெட்டிக்கடைக்காரர் எல்லாம் பீடி பிடிக்கிறாரா என்ன?

ஹேண்டிகேப் என்றால் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி ஓட விடும் பந்தயம். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து முடிய வேண்டும் என்பதுதான் எடை நிர்ணயிக்கிற அதிகாரியின் ஆசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் ஒன்று ஏறினால் முதுகில் ஒரு பவுண்டு எடை ஏறும். 150 மதிப்பெண் குதிரை, 138 குதிரையைவிட 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ அதிகம் சுமக்கும். அதனால் 'போன தடவை ஜெயித்தது' என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஜெயித்ததற்கே எடை ஏறியிருக்கும். அதிகம் ஓடாத, அதிகாரிக்கே இன்னும் பிடிபடாத குதிரையாகப் பாருங்கள். 2022-இல் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் குதிரை ஸ்டேட் மேன் அப்படித்தான் வந்தது. அதற்கு முன் அயர்லாந்தில் இரண்டே ஓட்டம், அதில் ஒன்றில் விழுந்தும் இருந்தது. கவுன்ட்டியில் ஜெயித்தது, 2024-இல் சாம்பியன் ஹர்டில் என்ற பெரிய பந்தயத்தையும் அடித்தது. ஆனால் அந்த மாதிரிக் குதிரை கடைக்காரன் கண்ணிலும் படுமே! அதுதான் ஃபேவரிட்டாக, அதாவது ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய குதிரையாகப் போனது, விலையும் (ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை பவுண்டு லாபம் என்பது) குறைவு.

அதனால் ஜெயிக்கிற ஒன்றைப் பிடிக்க மெனக்கெடாமல் ஈச் வே கட்டுங்கள். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி இடத்துக்கு, அதாவது முதல் சில இடங்களுக்குள் வந்தாலே போதும் என்பதற்கு. ஹேண்டிகேப்பில் 16 அல்லது அதற்கு மேல் ஓடினால் வழக்கமாக முதல் நான்கு இடத்துக்குக் கால் விலை. செல்ட்டன்ஹாம் வாரத்தில் கடைகள் போட்டி போட்டு ஐந்து, ஆறு இடம் என்பார்கள். ஆனால் கால், ஐந்தில் ஒன்றாகிவிடலாம். சுவரில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எங்கள் கடைக்குத் தினமும் வரும் பெரியவர் ஒருவர் 33/1 (ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு 33) குதிரை மேல் ஐந்து பவுண்டு ஈச் வே கட்டினார், மொத்தம் பத்து. டிவியில் கடைசித் திருப்பத்தில் அவர் குதிரை கூட்டத்துக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு சிகரெட் பற்றவைக்க வெளியே போய்விட்டார். செல்ட்டன்ஹாமில் முடிவு ஏற்றத்தில். முன்னால் போனவை அங்கே மூச்சு வாங்க, இது நாலாவதாக வந்து சேர்ந்தது. நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். இருவரும் குனிந்து, தரையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். காபி நனைத்த ஒன்றில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. வெற்றிக்குக் கட்டிய ஐந்து போனது; இடத்துக்குக் கட்டிய ஐந்துக்குக் கால் விலையில் 41.25, கட்டிய ஐந்தும் சேர்த்து 46 பவுண்டு 25 பென்ஸ் எண்ணிக் கொடுத்தேன். அவரோ ஜெயித்த குதிரைக்கு நான்தான் பணம் கொடுக்க மறுக்கிறேன் என்பதுபோல், "மீதி எங்கே?" என்றார்.

அன்று நான் கவுன்ட்டரை விட்டு வெளியே வர முடிந்ததே உள்ளே இன்னொரு ஆள் இருந்ததால்தான். சாயங்காலம் ஆனால் தனி ஆள். மூலையில் இருந்த சூதாட்ட மெஷினில் ஒரு சுற்றுக்கு நூறு பவுண்டு வரை போடலாம் (2019 ஏப்ரலில்தான் இரண்டு பவுண்டாகக் குறைத்தார்கள்). தோற்றவன் மெஷினை உதைப்பான், அப்புறம் என்னை முறைப்பான். பாத்ரூம் போகக் கடையைப் பூட்டினால், ஏன் பூட்டினாய் என்று ஏரியா மேனேஜரிடமிருந்து போன். குதிரையைப் பற்றிக் கேட்கத்தான் எல்லோருக்கும் வாய் வருகிறது, இதைக் கேட்க யாருமில்லை.

சரி, உங்கள் விஷயம். பந்தயத்துக்குப் பல நாள் முன்பே கட்டுவதாக இருந்தால், குதிரை ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்று முதலில் கேளுங்கள். 'Non Runner No Bet' (ஓடாத குதிரைக்குப் பந்தயம் இல்லை) என்று போட்டிருந்தால் திரும்பும். போடவில்லை என்றால், உங்கள் குதிரை லாயத்திலேயே நின்றாலும் பத்து பவுண்டு போனதுதான்.