செல்லூர் விழாப் பேச்சு: பட்டுக்கோட்டையாரை எங்கே தொடங்குவது?

வணக்கம் நண்பரே. மதுரை செல்லூரில் தறித் தொழிலாளர்கள் கூடும் விழாவில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், ஆனால் 'சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரைக் கவிஞர் என்பதா' என்று குழுவில் ஒரு பெரியவர் மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒரே ஒரு பாட்டைப் பிரித்துக் காட்டுங்கள், போதும்.

1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தின் 'காடு வெளஞ்சென்ன மச்சான்' பாட்டை எடுங்கள். கம்மாக் கரையை உயர்த்துவது, வாய்க்கால் வெட்டுவது, நாற்றைப் பறித்து நடுவது, தண்ணீர் விடுவது என்று வேலை நடக்கிற வரிசையிலேயே வரிகள் போகும். வரப்பே மறைகிற அளவுக்கு நெல் விளைந்து நிற்கும். அப்படி விளைந்தும் நமக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்று மச்சானிடம் கேட்கிறாள் பாட்டில் வரும் பெண். வயலில் இறங்கி வேலை பார்த்தவருக்குத்தான் அந்த வரப்பு கண்ணில் படும். கூலிக்குச் சேலை நெய்கிறவர்களுக்கு அவள் கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: 1930இல் செங்கப்படுத்தான்காட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறப்பு, நாடக நடிப்பு, பாரதிதாசனிடம் பழக்கம், பொதுவுடைமை இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி இதழான 'ஜனசக்தி'யில் கவிதை. 1959இல் இறந்தபோது வயது 29. அந்த வயதை மட்டும் நிறுத்திச் சொல்லுங்கள். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

வரிகளுக்கு இணையத்தை நம்பாதீர்கள், பிழை அதிகம். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், பாட ஆள் இருந்தால் பேச்சுக்கு நடுவிலேயே பாட வையுங்கள்.