ஏபர்ட் சிண்ட்ரோம்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அக்கா, தங்கச்சி குழந்தைக்கு தலை உயரமா கூம்பி இருக்கு, கைவிரலும் ஒட்டியிருக்கு, ஏபர்ட் சிண்ட்ரோம்ங்கிற பிறவிக் குறைபாடுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எண்ணெய் தேச்சு உருவிவிட்டா சரியாகிடும்னு பாட்டி சொல்றாங்களே?

பதில்: தயவுசெஞ்சு உருவாதீங்கம்மா. பிரசவத்துல அழுந்தி கோணிப்போன தலைன்னா தானா சரியாகும், இது வேற. மண்டையோடு பல தகடா இருக்கும், நடுவுல உள்ள இணைப்பு திறந்திருந்தாதான் மூளை வளர வளர மண்டையும் விரியும். ஏபர்ட்ல நெத்தி எலும்புக்குப் பின்னாடி குறுக்கா போற இணைப்பு ரெண்டு பக்கமும் வயித்துக்குள்ளயே மூடிடுது, அதனால தலை பின்பக்கம் நீள வழியில்லாம மேல போகுது, முகத்தோட நடுப்பகுதியும் வளராம உள்ள போய் கண்ணு பிதுங்கித் தெரியுது.

கேள்வி: கிரகணத்துல வெளிய வந்ததாலயா?

பதில்: இல்லவே இல்ல. எஃப்ஜிஎஃப்ஆர்2ங்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிடுது, அவ்ளோதான். பெரும்பாலும் அப்பாவோட விந்தணுல புதுசா வர்ற மாற்றம், அப்பா வயசு கூடக்கூட வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதுக்காக அவரையும் குறை சொல்லாதீங்க, யார் கையிலயும் இல்லாத விஷயம் இது. அப்பா அம்மாக்கு இல்லன்னா அடுத்த குழந்தைக்கு வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா ஏபர்ட் இருக்கறவங்களோட பிள்ளைக்கு 50 சதவீத வாய்ப்பு இருக்கு.

கேள்வி: குரூசோன் சிண்ட்ரோம்னும் ஒண்ணு சொல்றாங்களே, என் டாக்டர்கிட்ட கேட்டேன், புரியல. என்ன வித்தியாசம்?

பதில்: கையைப் பாருங்க. ரெண்டுலயும் மண்டையோட்டு இணைப்பு சீக்கிரமே மூடிடும். 1906ல ஏபர்ட், 1912ல குரூசோன்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க தனித்தனியா விவரிச்சதால அவங்க பேரு, ஜீனும் பெரும்பாலும் அதேதான். குரூசோன்ல கைவிரல் நார்மல். ஏபர்ட்ல நடு மூணு விரலாவது ஒட்டியிருக்கும், சில குழந்தைக்கு அஞ்சும் சேர்ந்து, பல விரலுக்கும் சேர்த்து ஒரே அகலமான நகம் ஓடும். கால்விரலும் அப்படித்தான்.

கேள்வி: ஆபரேஷன் எப்போ? குழந்தை படிக்குமா?

பதில்: மண்டையைத் திறந்து இடம் குடுக்கற ஆபரேஷன் பொதுவா முதல் வருஷத்துலயே, தலைக்குள்ள பிரஷர் ஏறினா இன்னும் சீக்கிரம். விரல் பிரிக்கிறதும் அப்பவே ஆரம்பிப்பாங்க, ஆனா ஒரு விரலோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சா ரத்த ஓட்டம் போயிடும்னு தவணை தவணையாதான் பண்ணுவாங்க, ஏன் இழுக்கறாங்கன்னு கோபப்படாதீங்க. படிப்பு குழந்தைக்கு குழந்தை மாறும், நல்லா படிக்கிறவங்களும் இருக்காங்க. காதுல நீர் கோத்து கேக்காம இருக்கறத மந்தம்னு முடிவு கட்டிடறாங்க, எனக்கு அதான் ரொம்ப வேதனை, காது டெஸ்ட் கட்டாயம் பண்ணுங்க. தூங்கும்போது குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா போன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. இமை முழுசா மூடலன்னா கண்ணு காயாம இருக்க மருந்து கேளுங்க, கண்ணுக்குள்ள உள்ள பார்வை நரம்பு வீங்கியிருக்கான்னு கண் டாக்டர் அப்பப்போ பாக்கணும்.