சமூகக் கலைக்கூடத்தில் படம் வைத்தால் ‘பொழுதுபோக்கு ஓவியர்’ என்ற முத்திரை விழுந்துவிடுமா?

விழாது. அப்படி விழுந்தாலும் அதைக் குத்துகிறவர்களின் கையில்தான் மை ஒட்டும், உங்கள் படத்தில் ஒட்டாது. இந்த ஒரு வரியோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் தூங்காமல் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எனக்குப் புரிவது இதுதான்: ஒரு வேலையில் இருந்துகொண்டே சில வருடங்களாக வரைகிறீர்கள். உங்கள் பகுதிக் கலைக்கூடம் வட்டார ஓவியர்களின் குழுக் காட்சிக்குப் படம் கேட்டிருக்கிறது. “அங்கே வைத்தால் பெரிய கேலரிகள் உன்னைத் திரும்பிப் பார்க்காது” என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார். எனக்கும் ஒருவர் சொன்னார், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டு வரைவது குறையா? இங்கிலாந்து ஓவியர் எல்.எஸ். லௌரியை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர், சால்ஃபர்ட் பகுதியின் ஆலைகள், புகைபோக்கிகள், வேலை முடிந்து திரும்பும் கூட்டம் என்று பெரும்பாலும் ஒரே வட்டாரத்தை வரைந்தவர். ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் வாடகை வசூலித்தார். 1952-இல், 65 வயதில்தான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். படம் வரைந்ததெல்லாம் இரவில். ‘ஞாயிற்றுக்கிழமை ஓவியர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், தன் வேலையைப் பற்றி வெளியில் பேசவே மாட்டாராம். அவ்வளவு பெரிய கலைஞருக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது, அதனால் உங்கள் தயக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. 1921-இல் அவர் மேலும் இரண்டு ஓவியர்களோடு சேர்ந்து படம் வைத்த இடம் பெரிய கேலரி ஒன்றுமில்லை, மான்செஸ்டரில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகம். உள்ளூர்ப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் அவருடைய படங்கள் ரொம்ப இருட்டாக இருக்கின்றன என்று சொன்னார். அதற்கப்புறம்தான் வெள்ளைப் பின்னணியில் வரையத் தொடங்கினார். இன்றைக்கு லௌரி படம் என்றதும் நம் கண் முன்னால் வருவது அந்த வெள்ளைதான். பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் சொன்னதால் வந்த வெள்ளை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதிக் கலைக்கூடத்துக்கு நான் கொடுத்தது ஒரு வாட்டர்கலர். ஒரு வாய்க்கால், அதன் மேல் பழைய கல் பாலம், நடுவில் ஒரே ஒரு தூண், மழைக்கு முன்னால் வரும் அந்த ஈய நிற வெளிச்சம். ஒரு புகைப்படத்தையும் ஞாபகத்தையும் வைத்து வரைந்தது. தூணைச் சுற்றி நுரையும் சுழலுமாகத் தண்ணீரைப் போட்டிருந்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தேர்வுக் குழுவில் மூன்று பேர். “தண்ணீரின் அசைவு நன்றாக வந்திருக்கிறது” என்று எழுதியே கொடுத்தார்கள்.

அந்தக் கூடத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. படம் வைத்தவர்களே முறை போட்டுக் காட்சி அறையில் உட்கார வேண்டும். என் முறை வந்த நாளில், பூட்டுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார். எழுபது வயதாவது இருக்கும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது யார் வரைந்தது? தண்ணி இப்படி ஓடாதே, இது மேட்டைப் பார்த்து ஓடுது” என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தேர்வுக் குழு பாராட்டிய தண்ணீர் அது. ஆனால் அந்த அம்மா அந்த வாய்க்கால் கரையில் நாற்பது வருடம் குடியிருந்தவர். தினமும் அந்தப் பாலத்தடியில் துணி துவைத்தவர். படத்தின் கண்ணாடிமேல் விரல் படாமல், தூணுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டிக் காட்டிச் சொன்னார். “நுரை இங்கே ஏறும். அந்தப் பக்கம் தண்ணி தூங்கும். என் சோப்பு கைநழுவினால் அங்கேதான் போய்ச் சுத்திக்கிட்டு நிக்கும்.”

மறுநாள் காலையில் போய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் வந்து தூணில் மோதும் இடத்தில் ஒரு விரல் உயரத்துக்கு உதடு மாதிரி மேலெழும்புகிறது. அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. தூணுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம், முக்கோணமாக ஒரு துண்டுத் தண்ணீர் ஓடாமல் கிடக்கிறது. அதில் இரண்டு காய்ந்த இலைகள் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. நான் இந்த உதட்டைக் கீழ்ப்பக்கமும் சுழலை மேல்பக்கமும் போட்டிருந்தேன். அதாவது என் படத்தில் வாய்க்கால் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நூறு பேர் பார்த்திருப்பார்கள், மூன்று நடுவர்கள் பார்த்தார்கள், நானே மாதக்கணக்கில் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

இந்தப் பார்வை ஒரு வட்டாரக் கூடத்தில்தான் கிடைக்கும். நீங்கள் வரைந்த இடத்தை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே நடந்து வருவார். அவருக்கு ஓவியத்தின் இலக்கணம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரைத் தெரியும். தூரத்து ஊரின் பெரிய கேலரியில் என் படம் தொங்கியிருந்தால் அந்தத் தப்பு என்னோடு கடைசிவரை வந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு “அப்படியென்றால் ஓவியம் புகைப்படம் மாதிரி இருக்க வேண்டுமா?” என்று யாராவது கேட்பார்கள், தெரியும். இல்லை. தண்ணீரைத் திருப்பி ஓடவிடுவது என் முடிவாக இருந்திருந்தால் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காமல் வரைந்ததால் வந்த தப்பு அது. இரண்டும் ஒன்றல்ல. சமூகக் கூடங்களில் தொங்குவதெல்லாம் உயர்தரம் என்றும் நான் சொல்லவில்லை. பத்தில் நான்கு படம் எனக்கே பிடிக்காது. பெரிய கேலரிகள்மேல் எனக்கு வன்மமும் இல்லை, பிறகு இரண்டில் வைத்திருக்கிறேன். கூடத்தில் வைத்ததற்காக அங்கே யாரும் என்னைக் குறைத்துப் பேசவில்லை. 1874-இல் பாரிஸில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் மோனேயும் நண்பர்களும் முப்பது பேர் போலச் சேர்ந்து தாங்களே காட்சி வைத்தார்களே, அதுவும் நாதார் என்ற புகைப்படக்காரர் காலி செய்துவிட்டுப் போன ஸ்டுடியோவில்தான்.

இன்னொன்று. படத்தைக் கொடுத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு மட்டும் தலைகாட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாட்டும் நாளில் போய் நில்லுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில், கண்மட்டத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். 60 சென்டிமீட்டர் உயரப் படம், பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே வருகிறது என்றால், ஆணி 167-இல் அடிக்க வேண்டும். பாதி உயரம் 30-ஐக் கூட்டு, 8-ஐக் கழி. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தச்சர், அந்தக் கூடத்தின் தன்னார்வலர். அவர் மாட்டிய சுவரில் ஒரு படமும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. வாட்டர்கலர் என்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம் என்று தயங்காமல் கேளுங்கள். அருங்காட்சியகங்களில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் படவிடுவதில்லை. அலிஸரின் கிரிம்ஸன் போன்ற சிவப்புகள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஒப்பந்தத் தாளையும் படியுங்கள். கமிஷன் எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு, படத்தை அச்சிடும் உரிமை யாரிடம். கடைசியாகச் சொன்னது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் அலுவலகம் என் படம் ஒன்றை வாங்கியது. அடுத்த வருடக் காலண்டரில் அதே படம் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அதுகூடப் பரவாயில்லை. கீழ் மூலையில் என் கையெழுத்து இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே அவர்களுடைய சின்னத்தைப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு “காசு கொடுத்து வாங்கிவிட்டோமே” என்றார்கள். காசு கொடுத்து வாங்கியது அந்தக் காகிதத்தை. எழுதிக் கொடுத்தாலொழிய, பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். படைத்தவர் பெயர் படைப்போடு நிற்க வேண்டும் என்பதை, படைப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே 1928-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அத்தனை வருடத்துக்கு அப்புறமும் கையெழுத்தை ஓரத்து அழுக்கு மாதிரி வெட்டுகிறார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. ஓர் ஓவியரின் படத்தைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து பெயரை விட்டுவிடாதீர்கள்.

பாலத்துப் படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த அம்மா வந்து போன இரண்டாம் நாள் அது விற்றுப்போனது. வாங்கியவரிடம் தப்பைச் சொன்னேன், வேறு வரைந்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் இதுவே போதும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாலத்தைத் திரும்ப வரைந்துவிட்டேன், அந்த இரண்டு இலைகளோடு. ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

படத்தைக் கொடுங்கள். அறையில் உட்காரும் முறை உங்களுக்கும் வந்தால், யாரும் வரவில்லையே என்று சீக்கிரம் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் கூடத்தை ஆறு மணிக்குப் பூட்டுவோம், அந்த அம்மா வந்தது ஐந்தரைக்கு.