கேம் நடுவில் பட்டென்று அணையும் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்காக ரிச்சி தெருவில் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து வாங்கினோம். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் தரும் பவர் சப்ளை). யுபிஎஸ் மட்டும் பழைய கம்ப்யூட்டரோடு வந்த 600 விஏ. ஒரு வருடத்துக்கு மேல் தொந்தரவே இல்லை. இப்போது சில மாதங்களாக, கேம் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் எல்லாம் பட்டென்று அணைந்துவிடுகிறது. மானிட்டர் லைட்டும் போய்விடும். படம் பார்த்தாலோ, பிராஜெக்ட் வேலை செய்தாலோ ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலும் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் இப்படி. அசெம்பிள் செய்தவர் “கார்டு போயிடுச்சு சார், புதுசு போடணும், முப்பதாயிரம் ஆகும்” என்கிறார். மைத்துனர் விண்டோஸை மறுபடி போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், விண்டோஸையும் தொடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான துப்பு இருக்கிறது: “மானிட்டர் லைட்டும் போய்விடும்.” கிராபிக்ஸ் கார்டு கெட்டால் மானிட்டருக்கு வரும் கரன்ட் எப்படி நிற்கும்? கார்டோ, ரேமோ, எஸ்எம்பிஎஸ்ஸோ எது பழுதானாலும் மானிட்டர் “சிக்னல் இல்லை” என்று காட்டிவிட்டு அதன் சின்ன லைட்டை எரியவிட்டுக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் ஒரே நொடியில் சாகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அந்த இடம் யுபிஎஸ்.

600 விஏ என்பதை 600 வாட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் விற்கும் சாதாரண 600 விஏ யுபிஎஸ்கள் தருவது 360 வாட்தான். பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். இனி கணக்கைப் போடுவோம். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் இழுப்பது சுமார் 170 வாட். பிராசஸர் ஒரு 70. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 45 என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதத்தைச் சூடாக வீணாக்கும். அப்போதே 325 வாட்டைத் தாண்டிவிட்டது. மானிட்டரைச் சேர்த்தால் 350-ஐத் தொட்டுவிடும். வைஃபை ரௌட்டரும் ஸ்பீக்கரும் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு குணம் உண்டு: சராசரி 170 என்றாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதைவிட மேலே எகிறி இறங்கும்.

அப்படியானால் ஏன் பகலில் ஓடுகிறது, ஏன் ராத்திரி மட்டும்? சாயங்காலம் தெருவில் ஏசி எல்லாம் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்குகிறது. யுபிஎஸ் உள்ளே ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அது பேட்டரிக்கு மாறும். லைன் கரன்டில் இருக்கும்போது கூடுதல் லோடை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் யுபிஎஸ், பேட்டரிக்கு மாறிய பிறகு பொறுக்காது; ஒரு பீப், அதோடு கட். பேட்டரியும் பழசு. மூன்று வருடம் தாண்டிய 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, வேர்ட் ஃபைல் திறந்திருக்கும்போது நன்றாகத்தான் தெரியும். 350 வாட்டைக் கேட்டால் படுத்துவிடும். ஒரு வருடம் ஓடியது இப்போது ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உறுதிசெய்துகொள்ளச் செலவே இல்லை. யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு, சிபியுவையும் மானிட்டரையும் எர்த் உள்ள மூன்று பின் பிளக் பாயின்டில் நேராகச் செருகுங்கள். பையனை இரண்டு மூன்று ராத்திரி வழக்கம்போல் விளையாடவிடுங்கள் (இந்த ஒரு சோதனைக்கு அவன் மறுப்புச் சொல்ல மாட்டான்). வோல்டேஜ் இறங்கினால் என்ன ஆகும் என்று பயம் வேண்டாம். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், உங்களுடையதன் லேபிளில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடி மழை நாளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

நேராகச் செருகி ஓடிவிட்டால் வழக்கு முடிந்தது. யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைக் கேளுங்கள். உங்களுக்கு 600 வாட் தருவது போதும். அது 1000 அல்லது 1100 விஏ மாடல்களில் கிடைக்கும். கார்டு மாற்றச் சொன்ன தொகையில் கால் பங்குக்குள் முடிந்துவிடும். பழைய யுபிஎஸ் வீணில்லை, ரௌட்டருக்கும் மானிட்டருக்கும் ஆகும்.

நேராகச் செருகியும் அணைந்தால்? அப்போது கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது, இந்தத் தடவை மானிட்டர் லைட் எரிந்துகொண்டே இருக்கும். முதலில் சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது வெப்பநிலையைப் பதிவுசெய்யுங்கள். உங்கள் பிராசஸருக்கு எல்லை 90 டிகிரி, கார்டுக்கு 93. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூடேறினால் இவை எடுத்தவுடன் அணையாது. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திக்கி ஓடும், அதையும் மீறினால்தான் அணையும். திக்காமல் பட்டென்று அணைவது பெரும்பாலும் சூட்டினால் இல்லை. இருந்தாலும் தூசியைத் தட்டுவதில் நஷ்டமில்லை. காசிமேட்டுக் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் நம் பக்கத்துத் தூசி உதிராது, பிசுபிசுவென்று சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளில் (ஃபின்) ஒட்டிக்கொள்ளும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிபியுவை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளி வைத்திருந்தால் வெளியே எடுங்கள்.

சூடு இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ். பெட்டியில் 550 என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். 42 ஆம்பியர் என்றால் 504, நல்லது. 25 என்றால் 300 தான். அது பெயருக்கு 550. கலர் கலராக எரியும் ஃபேன்களுக்குக் காசு போட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிப்பது ரிச்சி தெருவில் சர்வசாதாரணம். வாங்குவதற்கு முன் நண்பர் வீட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாள் மாட்டிப் பாருங்கள். பழையதைத் திறந்து பார்க்கும் ஆர்வம் மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் தங்கியிருக்கும்.

அப்புறம், மைத்துனர் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் இருப்பதைக் காட்டக்கூடும். அதில் ‘பவர்’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் நிறைய பேர். விண்டோஸ் முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்வதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 தான் பதிவாகும்.

கேள்வி: பெரம்பூர். பதினான்காம் தலைமுறை ஐ7 ‘கே’ பிராசஸர். கேம் திறக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொள்கிறது. என் கார்டில் 12 ஜிபி இருக்கிறது. டிரைவரை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: உங்கள் கார்டின் மேல் சந்தேகப்படுவதற்கு முன் பிராசஸரைப் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய் நாளடைவில் சிப் பலவீனமாகும் கோளாறு இருந்தது. 2024-ல் இன்டெலே இதை ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது. நீங்கள் சொல்லும் அந்தத் தவறான ‘வீடியோ மெமரி’ செய்தி இந்தக் கோளாறின் பிரபலமான அறிகுறி.

மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) இறக்கிப் போடுங்கள். 2024 செப்டம்பருக்கு முந்தையது எதுவும் உதவாது. பயாஸ் ஏற்றும்போது கரன்ட் போகக்கூடாது, அதனால் அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைப் புது பயாஸ் குணப்படுத்தாது. போட்ட பிறகும் கேம் மூடிக்கொண்டால் வாரன்டியில் மாற்றச் சொல்லுங்கள். பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டி மொத்தம் ஐந்து ஆக்கியிருக்கிறது. பெட்டி இல்லாமல் ‘ட்ரே’ சிப் என்று விலை குறைத்து வாங்கியிருந்தால், விற்ற கடைக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். வாங்கிய மூன்றாம் வாரமே எஸ்எம்பிஎஸ் புகைந்துவிட்டது. கடையில் “விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கே, கம்பெனிக்குப் போங்க” என்கிறார்கள். ஆனால் என்னிடம் இருப்பது பில்லே இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்த இரண்டையுமே நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில் தராமல் விற்பது ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. நீங்கள் மூன்றாம் வாரத்திலேயே கேட்டுவிட்டீர்கள். கேட்டதற்கு ஆதாரம் வேண்டும், எனவே இன்றைக்கே கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, எஸ்எம்பிஎஸ்ஸின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் போட்டோ மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள், அது போனால் கம்பெனி வாரன்டியும் போச்சு.

கடை அசையவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பாதிப் பேருக்கு அங்கிருந்து ஒரு கடிதம் போனதுமே கடைக்காரர் மனசு மாறிவிடும் என்பது என் அபிப்பிராயம். அதிலும் ஆகாவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை மவுன்ட் ரோடு பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த தடவை “பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்” என்று சொன்னால் மயங்காதீர்கள். அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி. பில்லில் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். ‘கம்ப்யூட்டர் - 1’ என்று ஒரே வரியில் போட்டுத் தந்தால் எழுதச்சொல்லி வாங்குங்கள், அதுவரை பணத்தை நீட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. விற்பவர் கொருக்குப்பேட்டைதான். கடையில் வாங்காமல் தனி ஆளிடம் வாங்குவதால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். டெஸ்க்டாப் திரை தெரிந்தால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். கார்டை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளை இருபது நிமிடமாவது ஓடவிட்டு, அப்புறம் ஒரு பெரிய கேமையும் ஓட்டிப் பாருங்கள். கோடுகளோ, புள்ளிகளோ, நிறச் சதுரங்களோ தெரிந்தால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளையும் பென்டிரைவில் எடுத்துப்போங்கள். பழைய சிப்பில் புது பெயரை ஏற்றி விற்கும் போலி என்விடியா கார்டுகளில் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும்.

கடலோர வீட்டில் இருந்த கார்டு என்றால் மானிட்டர் வயர் செருகும் தகட்டையும் ஸ்க்ரூக்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளித் தகட்டில் லேசான துரு இருந்தால் பரவாயில்லை. போர்டின் சால்டரிங் புள்ளிகளில் பச்சைப் பூஞ்சை போல அரிப்பு இருந்தால் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றினால் ஆட்டமும் கரகரப்பும் தெரியும். ஃபேன் மாற்றுவது சின்ன செலவு, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். கடைசியாக, சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய பில்லின் ஒரிஜினலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; பல கம்பெனிகள் அது இல்லாமல் கார்டைக் கையில் வாங்காது.