‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்றால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

இந்த இதழின் கேள்வி பதில் முழுவதும் குழந்தைகளுக்கான புத்தகம் போடும் குடும்பப் பதிப்பகங்களைப் பற்றியது. என் மாமனார் தொடங்கி, கணவரும் கொழுந்தனும் நடத்தி, இப்போது என் மகள் பார்த்துக்கொள்ளும் அப்படிப்பட்ட ஒரு பதிப்பகத்தில் 31 வருடங்கள் இருந்தேன். புரூஃப் பார்த்தேன், கதை தேர்ந்தெடுத்தேன், கணக்கும் எழுதினேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஓவியர். ஒரு குடும்பப் பதிப்பகம் என் படங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஒப்பந்தம் வேண்டும் என்றால், “நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, எதுக்கும்மா பேப்பர்?” என்கிறார் அங்கே இருக்கும் பெரியவர். ரொம்ப நல்ல மனிதர். எப்படி மறுப்பது?

பதில்: மறுக்கவே வேண்டாம். “குடும்பம் என்பதால்தான் ஐயா எழுதிவைத்துக்கொள்ளலாம் என்கிறேன்” என்று சொல்லுங்கள். பெரியவர் இருக்கிறவரை அவர் வாய்ச்சொல் போதும். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு உங்கள் இருவர் பேச்சு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாமனார் ஓர் ஓவியரிடம் ஒரு புத்தகத்துக்கு 14 படங்கள் வாங்கினார். ஒவ்வொரு மறுபதிப்புக்கும் ஒரு தொகை தருவதாகப் பேச்சு. இருந்தவரை தவறாமல் கொடுத்திருக்கிறார். அவர் போனபிறகு மூன்று முறை அந்தப் புத்தகத்தை அச்சடித்தோம். ஓவியருக்கு ஒரு காசு போகவில்லை. கொடுக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். அவர் காலமான பிறகு அவருடைய மகள் வந்து, மாமனார் கைப்பட எழுதிய ஓர் அஞ்சலட்டையை என் முன்னால் வைத்தார். நான்கே வரி. மூன்று பதிப்புக்கும் கணக்குப் போட்டு அன்றைக்கே பணத்தைக் கொடுத்தோம். அப்புறம் அந்தப் பெண், “அப்பா வரைஞ்ச படங்களைக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். அலமாரியைத் திறந்து பார்த்தால், இரண்டு படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் இரண்டும் கிழிந்துவிடும். அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். மொத்தத் தொகையா, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு தரும் ராயல்டியா என்பது இரண்டாவது கேள்விதான். எத்தனை பதிப்புக்கு, எந்தெந்த மொழிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று முதலில் எழுதட்டும். அசல் படங்கள் உங்களுக்குச் சொந்தம், அச்சு வேலை முடிந்ததும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்று எழுதட்டும். புத்தகம் ஸ்டாக் தீர்ந்து, இரண்டு வருடம் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பிவிட வேண்டும். படக்கதைப் புத்தகத்தில் எழுத்தாளரும் ஓவியரும் ராயல்டியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது பல இடங்களில் இருக்கும் வழக்கம்தான், தயங்காமல் கேளுங்கள்.

பொம்மை, விளையாட்டு அட்டை, அசைபடம் இவற்றுக்கான உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பீட்டர் முயல் கதையை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் புத்தகம் 1902 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த வருடமே அந்த முயலைத் துணியில் தைத்து, பொம்மையாகத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். பதிப்பகமோ அதே புத்தகத்தின் பதிப்புரிமையை அமெரிக்காவில் பதிவு செய்யத் தவறியது. அங்கே அனுமதியில்லாமல் அச்சான பிரதிகளால் பாட்டருக்கு ஒரு காசும் வரவில்லை. அந்தப் பதிப்பகமும் அன்போடு நடந்துகொண்ட ஒரு குடும்பத்தினுடையதுதான்.

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு வாங்கும் படக்கதைப் புத்தகங்கள் எல்லாமே 32 பக்கம்தான். 200 பக்க நாவலோடு ஒப்பிட்டால் விலை அதிகமாகப் படுகிறது. ஏன் இப்படி?

பதில்: அச்சு இயந்திரத்தில் ஓடுவது பெரிய தாள். அதன் ஒரு முகத்தில் எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் விழும், மறு முகத்திலும் அதே அளவு. மடித்து வெட்டினால் 16 அல்லது 32 பக்கம் கிடைக்கும். இதைத்தான் ஃபாரம் என்கிறோம். 27 பக்கத்தில் கதை முடிந்தால் மிச்சத் தாள் வீண். தலைப்பும் பதிப்புரிமை விவரமும் போக, விரித்தால் எதிரெதிரே தெரிகிற மாதிரி 12 முதல் 14 காட்சிகள் கதைக்குக் கிடைக்கும். நான்கு வயதுக் குழந்தை ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்பதற்கு அந்த அளவு சரியாக இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

விலைக்கு வருவோம். நாவலுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். வண்ணப் படத்துக்கு சயான் என்ற நீலம், மஜெந்தா என்ற சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மைக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. ஆயிரம் பிரதி போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவு ஒன்றுதான், அதனால் குறைவாக அச்சடித்தால் ஒரு பிரதியின் செலவு ஏறிவிடும். சின்னப் பதிப்பகங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. எழுத்து முழுவதையும் கறுப்பில் மட்டும் வைப்பார்கள். படங்களுக்கான மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே இருக்க, கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றி ஐந்தாறு மொழிகளில் ஒரே ஓட்டத்தில் அச்சடித்துவிடலாம். செலவு பல நாட்டுப் பதிப்பகங்களுக்குள் பகிர்ந்துவிடும். இத்தாலியின் போலோன்யா நகரில் 1964 முதல் நடக்கும் சிறுவர் புத்தகக் கண்காட்சியில் இப்படிப்பட்ட கூட்டுப் பதிப்பு ஒப்பந்தங்களும் பேசப்படுகின்றன. இந்தக் கணக்கு தெரியாத லே-அவுட் ஆள் அடர்ந்த படத்துக்குள் வெள்ளை எழுத்தை வைத்துவிடுவார். பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளை என்பது நான்கு பிளேட்டிலும் விடப்படும் இடைவெளி. மொழி மாறினால் நான்கையும் மாற்ற வேண்டும்.

கைக்குழந்தைப் புத்தகமானால் கெட்டி அட்டை, உருட்டிய மூலை, வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத மை என்று செலவு இன்னும் கூடும். அதைக் குறைக்கக் கூடாது. அந்த வயதில் கடிப்பதும் வாசிப்புதான்.

கேள்வி: அப்பா ஆரம்பித்த பதிப்பகத்தை நானும் அண்ணனும் நடத்துகிறோம். அண்ணனுக்கு வேறொரு தொழிலும் உண்டு. அங்கே நெருக்கடி வரும்போதெல்லாம் இங்கிருந்து பணத்தை எடுத்து, பிறகு வைக்கிறார். இதுவரை வைத்துவிட்டார். கேட்டால் மனக்கசப்பு வரும். என்ன செய்ய?

பதில்: மனக்கசப்பு வந்தாலும் கேளுங்கள் தங்கச்சி. மேலே சொன்ன பீட்டர் முயல் புத்தகத்தை வெளியிட்டது லண்டனின் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம். தந்தை தொடங்கியதை ஹெரால்ட், ஃப்ரூயிங், நார்மன் என்ற மூன்று மகன்கள் நடத்தினார்கள். பாட்டரின் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் நார்மன். 1905-இல் அவருக்கும் பாட்டருக்கும் திருமணம் நிச்சயமாகி, ஒரு மாதத்துக்குள் அவர் நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஹெரால்ட் கைக்குப் பொறுப்பு வந்தது. குடும்பத்துக்கு மீன்பிடித் தொழில் ஒன்றும் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் பதிப்பகத்தின் பணத்தை எடுத்து, கடைசியில் கள்ளக் கையெழுத்து வரை போய், 1917-இல் ஹெரால்ட் கைதானார். 18 மாதம் கடுங்காவல். நிறுவனம் மூழ்கும் நிலை. பாட்டருக்குச் சேரவேண்டிய பாக்கியே பெரிய தொகை. இருந்தும் அவர் தன் பழைய ஓவியங்களைத் தேடி எடுத்து, அந்த வருடமே வெளியிட ஒரு சிறு பாட்டுப் புத்தகம் கொடுத்தார். ஃப்ரூயிங் பொறுப்பேற்று நிறுவனத்தை மீட்டார்.

ஹெரால்டும் முதல் முறை எடுத்தபோது திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார் என்று நம்புகிறேன். உங்கள் பதிப்பகக் கணக்கில் இருப்பதில் ஒரு பங்கு எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் சேரவேண்டியது. அது உங்கள் அப்பா சொத்து இல்லை. ராயல்டிக்கு ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்கி, விற்பனைப் பணம் வரும்போதே அந்தப் பங்கைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். எதை எடுப்பதானாலும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வங்கிக்கு எழுதிக்கொடுங்கள். குடும்பத்தில் இல்லாத ஒரு கணக்காளரை வைத்து வருடாவருடம் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். அதை அண்ணியும் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் பட்டியலில் 60 பழைய புத்தகங்கள். தம்பி பாதியை நிறுத்திவிட்டுப் புதியவை போடலாம் என்கிறான். சரியா?

பதில்: பெரியவர்களுக்கான புத்தகம் பழசாகும். நான்கு வயதுக்காரருக்கான புத்தகம் அப்படி இல்லை. இன்றைய நான்கு வயதுக் குழந்தை வளர்ந்து போய்விடும், ஆனால் அடுத்த வருடம் வேறு நான்கு வயதுக் குழந்தைகள் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு உங்கள் 60-உம் புதுசு. எங்களுக்குப் புதுப் புத்தகம் பேரைக் கொடுத்தது, பழைய பட்டியல் சம்பளத்தைக் கொடுத்தது.

ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். 60-ஐயும் உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். நிறத்தை, உடல் குறையை, பெண் குழந்தையைச் சிறுமைப்படுத்தும் வரி எங்கேயாவது இருக்கும். எங்கள் பட்டியலில் இருந்தது. எழுத்தாளர் இருந்தால் அவரிடமே கேட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உரிமையுள்ள வாரிசிடம் கேளுங்கள். கதையே அதன் மேல்தான் நிற்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள், விற்பனை நன்றாக இருந்தாலும் சரி.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் அழகாகக் கதை எழுதுகிறான். பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நாலு தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, ராப்பர் அவனையே வரையச் சொல்லுங்கள். அவன் வயதுப் பிள்ளைகள் வாசிக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 72 வயதாகிறது. மகனுக்குப் பதிப்பகத்தில் ஈடுபாடே இல்லை. நான் வளர்த்த நிறுவனம் என்னோடு போய்விடுமோ என்று தூக்கம் வருவதில்லை.

பதில்: ஐயா, இந்தக் கவலை இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. 1744-இல் லண்டனில் குழந்தைகளுக்கென்றே புத்தகம் போட்ட ஜான் நியூபெரி 1767-இல் இறந்தார். மகனும், மனைவியின் முதல் திருமணத்து மகனும் ஒரு கடையை நடத்த, சகோதரர் மகன் தனியாக இன்னொரு கடை நடத்தினார். இந்த மூன்றாமவரும் 1780-இல் இறந்துபோக, அவருடைய மனைவி எலிசபெத் அதை எடுத்து 1802 வரை, 22 வருடம் நடத்தினார். யாரும் அவரை வாரிசாக நினைத்திருக்க மாட்டார்கள். அவருக்குப் பின் அதை எடுத்துக்கொண்டவர் அங்கேயே வேலை பார்த்த ஜான் ஹாரிஸ்.

வாரிசு வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1920-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஸ்கொலாஸ்டிக் நிறுவனத்தை நிறுவியவரின் மகன் ரிச்சர்ட் ராபின்சன் பல பத்தாண்டுகள் நடத்தினார். 2021-இல் அவர் திடீரென இறந்தபோது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் பங்குகளை உறவினர்களுக்கு விடாமல், உடன் வேலை பார்த்த மூத்த அதிகாரி ஒருவருக்கு எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. அதற்கு நேர்மாறாக, பீட்டர் அஸ்போர்ன் 1973-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பதிப்பகத்தை அவருடைய மகள் நிக்கோலா நடத்துகிறார். ஒன்று மட்டும் கேட்கிறேன், யாருக்குக் கொடுத்தாலும் அதை நீங்கள் இருக்கும்போதே எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். உயிலைத் திறந்த பிறகு தெரியவந்தால் வீடு உடையும்.

என் மகளும் முதலில் வேண்டாம் என்றவள்தான். ஆறு வருடம் வேறு வேலை பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. ஒருநாள் அவளாகவே வந்து, “அம்மா, ஒப்பந்தம் எல்லாம் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். அப்போது எங்களிடம் பாதிப் புத்தகத்துக்குத்தான் ஒப்பந்தம் இருந்தது. மீதியைத் தேடி, வாரிசுகளைக் கண்டுபிடித்து எழுதி வாங்க இருவரும் இரண்டு வருடம் அலைந்தோம்.

உங்கள் மகன் வருவாரா, உங்கள் ஆபீசில் 20 வருடமாக இருப்பவர் எடுத்துக்கொள்வாரா, வெளியே விற்பீர்களா, எனக்குத் தெரியாது. மூவருக்கும் வேண்டியது ஒரே பெட்டிதான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் உறை. அதில் ஒப்பந்தம், எழுத்தாளர் ஓவியர் வாரிசுகளின் முகவரி, எந்த வருடம் எத்தனை பிரதி அச்சானது என்ற விவரம், அச்சுக்குப் போன கோப்பு, அசல் படம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு. தினம் இரண்டு உறை போடுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.